எடுத்தது, திருப்பியது

கருங்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை எனக்கு.
லேமினேஷன், ஸ்பைரல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
மிஷினுக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி,
அதில் புத்தகங்கள் வந்து போகும்.
நானொன்றும் வாசிக்கிறவன் இல்லை.
நோட்டு மட்டும் என் பொறுப்பு:
பெயர், எடுத்தது, திருப்பியது.

மூன்று கட்டம்தான் கோடு போட்டுக் கொடுத்தேன்.
நாலாவது
ஓரத்தில் தானே முளைத்தது.

"இருநூறாம் பக்கம் வரை பொறுங்கள்,
பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்"
என்று மைமூன் டீச்சர்.
அதன் கீழே ஷாலெட்:
"நூற்றியெண்பதில் விட்டுட்டேன் டீச்சர்.
ஒரே மழை. ரப்பர் ஷீட் காயல்ல.
வீடு முழுக்க அந்த நாற்றம்."
அதற்கும் கீழே கண்டக்டர் வேலப்பன்,
ஓடுகிற பஸ்ஸில் எழுதுகிற கையெழுத்தில்:
"அந்தப் பெண் எதற்கு அழுகிறாள் என்று
திங்கள்நகர் தாண்டியும் விளங்கவில்லை.
யாராவது சொல்லுங்கள்.
சில்லறை கொண்டுவாருங்கள்."

பிறகு நோட்டுக்குள் பல்வலி வந்தது.
டீச்சருக்கு, கடைவாயில்.
கிராம்பு வைக்கச் சொன்னார்கள் இரண்டு பேர்.
துப்பறியும் கதை வாசிக்கச் சொன்னார் ஒருவர்.
சாளை விலை, கறண்டு போன நேரம்,
ஷாலெட்டின் தங்கச்சிக்கு பி.எட். இடம்,
மரச்சீனிக்கு எந்த மீன் கறி.
நடுவே ஒரு வரி:
"மொழிபெயர்ப்பு மோசம். நாய் மட்டும் நன்றாக வந்திருக்கிறது."
எந்தப் புத்தகம் என்று எழுதவில்லை.
மூன்று பேர் அந்த நாயைத் தேடி
மூன்று புத்தகம் கொண்டுபோனார்கள்.
மூன்றிலும் நாய் இருந்ததாம்.

தூத்தூரிலிருந்து வருவான் ஜெர்வாசிஸ்.
கொச்சியிலிருந்து போகிற ஆழ்கடல் போட்டில் வேலை.
தலைப்பைப் பார்ப்பதில்லை,
கையில் தூக்கி எடை பார்ப்பான்.
"நாப்பது நாளுக்கு வருமாண்ணே?"
திரும்பி வரும்போது தாளெல்லாம் உப்பில் பருத்து
புத்தகம் மூடாது.
நோட்டில் அவன் எழுதுவது ஒரே சொல்:
"முடிஞ்சுது."

போன ஐப்பசியில் அலமாரி முழுக்கத் துழாவிவிட்டு
எல்லாம் வாசிச்சாச்சே என்றான்.
மேசையில் கிடந்ததைத் தூக்கி எடை பார்த்தான்.
பெயர்: ஜெர்வாசிஸ்.
எடுத்தது: இந்த நோட்டு.
எழுதி எனக்குக் காட்டவும் செய்தான்.
சிரித்துக்கொண்டே ஓர் ஆதார் நகல் எடுத்து
நிமிர்ந்தால்
அவனுமில்லை, நோட்டுமில்லை.

பிறகு வீணான ஜெராக்ஸின் பின்பக்கத்தில் எழுதினார்கள்.
யாருடைய நிலப்பத்திரத்துக்கோ பின்னால்
வேலப்பனுக்கு ஒரு நாவல் பிடிக்காமல் போனது.
சாதிச் சான்றிதழின் பின்னால்
ஷாலெட்டுக்கு ஒன்று பிடித்துவிட்டது.

கார்த்திகையில் காற்று.
கடலில் கிடப்பவர்களைத் திரும்பச் சொல்லி
கோயில் மைக்கில் பெயர் பெயராக வாசித்தார்களாம்.
வேலப்பன் வந்து நின்றார், எதுவும் எடுக்கவில்லை.
"நோட்டு வந்துதா?"
ஷாலெட் குடையை மடக்காமலே வாசலில்,
"நோட்டு?"
டீச்சர் போனில்,
"எம் பல்லுவலி அதுலயாக்கும் இருக்கு" என்றார்.
ஒருத்தரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
மிஷின் ஓடட்டும் என்று
வெள்ளைத் தாளை வெள்ளைத் தாளில்
நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

லட்சத்தீவில் ஒதுங்கியதாம் போட்டு.
மார்கழியில் தாடியோடு வந்தான்.
நோட்டு மூடவில்லை. டீசல் மணம்,
ஒரு பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த செதில்,
ஓரமெல்லாம் பென்சில்.

வேலப்பனுக்கு:
"அவ கரஞ்சது அவனுக்காக இல்ல அண்ணே.
வீட்ட விக்கணுமே, அதுக்கு.
நானும் அங்கன வச்சு ரெண்டு நாள் வாசிக்காம கெடந்தேன்."
ஷாலெட்டுக்கு:
"ஷீட் காஞ்சுதா?"
டீச்சருக்கு:
"பல்லு எடுத்தாச்சா? இத வாசிச்சப்பம் எனக்கும் வலிச்சுது."
நாய்க்கு நேரே:
"நாலாவது புத்தகத்திலயும் ஒண்ணு உண்டு.
மேல்தட்டு. அட்டை கிழிஞ்சது."

திருப்பியது என்ற கட்டத்தில் தேதி போட்டான்.
எட்டு நாள் பிந்தியிருந்தது.
நான் திருத்தவில்லை.

அன்று ராத்திரி பாதி ஷட்டரை இறக்கிவிட்டு
ஸ்டூலில் ஏறி மேல்தட்டில் கையை விட்டேன்.
அட்டை கிழிந்தவை
ஐந்து இருந்தன.