பத்து போல்ற்

டன்டினோங்கில் மெக்கானிக் சொன்ன விலைக்கு
இன்னொரு பழைய கொரோலா வாங்கலாம்.
எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினான்:
உள்ளே மோர்.
எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று
யார் சொன்னது.

சனி, ஞாயிறு. அடுத்த சனியும்.
கழற்றிய ஆணிகளை முட்டைப் பெட்டியில்
குழிக்கு ஒன்றாக வைத்தேன்.
செல்வரதி எட்டிப் பார்த்து
"முட்டையெல்லாம் எங்கே?" என்றாள்.
சட்டியில், என்றேன், நிமிராமல்.

ஹெட்டைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.
முழங்கால் நோவோடு
வேலியைச் சுற்றி வந்தார் ஸ்தவ்ரோஸ்.
தூக்கினோம்.
இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே
நகக்கண் அளவில் ஒரு கரிக்கோடு.

இதற்காகவா
நெடுஞ்சாலை ஓரம் வெள்ளைப் புகைக்குள் நின்று
"கார் மூச்சு வாங்குது" என்று
பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பிறகு முழுக்கச் சுரண்டல்தான்.
அடிப்பிடித்த பால்சட்டி
இதைவிடச் சொல்வழி கேட்கும்.

புது கஸ்கெற். புது போல்ற் பத்து.
நடுவில் தொடங்கி வெளியே, மூன்று சுற்று.
இரவல் ரெஞ்ச் 'டக்' என்றால்
கையை எடுத்துவிட வேண்டும்.
தம்பியோடு போனில் பேசிய அன்று
எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.
இன்னும் அரைத் திருப்பு திருப்பினேன்.
ஏழு மாதம்.

திங்கள் அதிகாலை நாலரைக்கு வேலை.
ஞாயிறு இருட்டும்போது சாவியைப் போட்டேன்.
இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.

சூட்டு முள் ஏறியது.
பாதியில் நின்றது.
நிற்கிறதா என்று
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்;
ஸ்தவ்ரோஸ் தந்த கோப்பி
பானட்டின் மேல் ஆறுகிறது.