குக்கர் வெயிட்

சாமான்களைப் பிரித்த அன்று
இருவருமே அவசரத்தில் இருந்தோம்.
மேசை உனக்கு, மிக்சி எனக்கு,
கம்பி உடைந்த குடையை இருவரும் வேண்டாமென்றோம்.
குக்கரை நீ எடுத்துப் போனாய்.
அதன் வெயிட்
என் கரண்டி டிராயரிலேயே தங்கிவிட்டது.

அது பிப்ரவரி.
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குக்குள் முடி உறைகிற குளிர்.
இரவில் காருக்குக்கூட
ஒயர் மாட்டிச் சூடேற்ற வேண்டும்,
இல்லாவிட்டால் காலையில் பேசாது.
பதினோரு வருடம்
நாம் ஒருவரையொருவர் மாட்டிவைக்க மறந்தோம்
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
உண்மை அதைவிடச் சின்னது:
சலித்துப்போனது.
உனக்கு முதலில்.
எனக்கு ஒரு மாதம் கழித்து.

மே மாதம் ஆபீசில் பதினாறு பேரை அனுப்பினார்கள்.
பட்டியல் அகர வரிசையில் இல்லை,
அதனால் கடைசிவரை காது கொடுக்க வேண்டியிருந்தது.
காரை விற்றேன்.
ஜூலையில் வீடு மாறினேன். செப்டம்பரில் மறுபடி.
கல்லூரியில் என் பக்கத்துக் கட்டில் கோமளவல்லி
"நீயும் கொஞ்சம் அனுசரிச்சிருக்கலாம்" என்றாள் போனில்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டேன்.
அதோடு அவளும் போனாள்.
எத்தனை எண்களை
அழிக்காமலும் அழைக்காமலும் வைத்திருக்கலாம் என்பதில்
இப்போது எனக்கு அனுபவம் உண்டு.

எல்லா வீட்டுக்கும் வெயிட் கூடவே வந்தது,
கோட்டுப் பையில், சாவியோடு.
ஏன் எறியவில்லை என்று கேட்டால் தெரியாது.
பஸ்ஸுக்கு நிற்கையில் விரல்கள் அதைத் தேடும்.
சின்னது, கனமானது,
பிடிவாதமாய்ச் சில்லிட்டிருப்பது.
"திருப்பித் தரவா" என்று உனக்கு ஒருமுறை டைப் அடித்தேன்.
அனுப்பவில்லை.
இதற்குள் ஊரிலிருந்து யாராவது
உனக்கு வேறொன்று கொண்டுவந்திருப்பார்கள்.

அர்த்தம் எதையும் தேடி நான் போகவில்லை.
சார்ஜென்ட் அவென்யூ பழைய சாமான் கடைக்கு
பனி பூட்ஸ் தேடிப் போனேன்.
காது உடைந்த கப்புகளுக்கு நடுவே
ஒரு குக்கர். ஐந்து லிட்டர்.
பக்கவாட்டில் புள்ளி புள்ளியாய் வெட்டிய தமிழ்:
கு. மரகதம்.
வெயிட் இல்லை. நான்கு டாலர்.
"இது என்னவென்றே எங்களுக்குத் தெரியவில்லை"
என்றாள் கல்லாவில் இருந்த பெண்.
"எனக்குத் தெரியும்" என்றேன்.
அந்த வருடம் முழுக்க
அந்த வாக்கியத்தை நான் சொன்னது
அன்று ஒருமுறைதான்.

மரகதம், யாரம்மா நீ?
போய்ச் சேர்ந்துவிட்டாயா,
வேறு ஊருக்குப் போனாயா,
நீயும் அவசரத்தில் பிரித்தாயா?
உன் வெயிட் இப்போது எந்த டிராயரில்?

பொருந்தியது.
கச்சிதமாக என்று சொல்ல மாட்டேன்.
ரப்பர் வளையம் பழசு,
ஓரத்தில் ஆவி கசிந்தது.
துவரம்பருப்பு, மஞ்சள், ஒரு சிட்டிகை பெருங்காயம்.
நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
யாருடைய காரோ ஒயரில் மாட்டி நின்றது,
பனியின் மேல் ஆரஞ்சுக் கோடு.
பிறகு வெயிட் ஆடியது.
வரட்டுமா வேண்டாமா என்பதுபோல் தயங்கியது.
கத்தியது.

மாடியிலிருந்து ஹலினா இறங்கி ஓடிவந்தாள்,
முகத்தில் ரத்தமே இல்லை.
கார்கிவிலிருந்து வந்து இரண்டு வருடம்.
அவள் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால்
நிலவறைக்கு ஓட வேண்டும்.
"பருப்பு" என்றேன். எந்த மொழியிலும்
வேறு சொல் வரவில்லை.

அவள் அடுப்பைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
இன்னும் எத்தனை என்று விரலால் கேட்டாள்.
இரண்டு காட்டினேன்.
போகாமல் நின்றாள்.

அடுத்ததற்கு
இரு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.
மூன்றாவதற்கு
ஒரு கையை எடுத்துவிட்டாள்.