உருப்படி நாற்பத்தொன்று

பட்டியலில் ஒரே வரி:
‘மடக்குப் பட்டறை மேசை, சீமைச் சாமான், ஒன்று.’
வளவில் நிற்பவை மூன்று.

பள்ளத்தூர் வீட்டுக்கு நீதிமன்ற ஆணையராகப் போய்
மதியத்துக்குள் தூண்களை எண்ணி முடித்திருந்தேன்.
பர்மாப் பெட்டகம், பீங்கான் ஜாடி பதினாறு,
தராசில் ஏற்றி இறக்கிய வெள்ளி.
யாரும் வாய் திறக்கவில்லை.
இந்த இரும்புக்கால் சனியனிடம் வந்ததும்
அண்ணன் தம்பி மூவரும்
ஒரே சமயத்தில் தொண்டையைச் செருமினார்கள்.

‘அப்பச்சி ஈப்போவுலேர்ந்து கொண்டாந்தது
இதுதேன்’ என்றார் வயிரவன்.
சாத்தப்பன் பேசவில்லை.
தன்னுடையதன் மேல் துண்டைப் போட்டுவைத்தார்,
பேருந்தில் இடம் பிடிப்பவர்போல.
ஆவிச்சி மட்டும்
‘மேலே பாத்தா தெரியாது மேடம், அடியில பாருங்க’ என்றார்.

குனிந்தேன். போதவில்லை. படுத்தேன்.
ஆத்தங்குடிக் கல்லின் குளிர் முதுகில் ஏற
கைபேசி வெளிச்சத்தில் கண்டது பின்வருமாறு:

முதலாவதன் கால் வார்ப்பு அலுமினியம்.
இரண்டாவது, தகட்டை மடித்து அழுத்திய இரும்பு;
என் கைப்பை மூடியின் காந்தம்
இதை விடமாட்டேன் என்றது.
மூன்றாவதற்குக் காலுக்குள் ஒரு கால்,
மடக்கினால் குட்டை, விரித்தால் நெட்டை.
மூன்றுக்கும் மேலே இரண்டு தாடை, நடுவே வாய்.
கைப்பிடிகளைச் சுற்றினால் மூடும்.
ஒரு பக்கத்தை மட்டும் சுற்றினால்
கோணிக்கொண்டு சிரிக்கும்.

பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் நான்கு துளை.
இன்னொன்றில் ஒட்டுக்காகித மிச்சம்,
ஓர் ஆங்கில எழுத்து, அதிலும் பாதி.
நிறம் சாட்சி சொல்லாது:
எல்லாமே கிளிப்பச்சை,
ஜன்னலுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயிண்ட்.
நகத்தால் சுரண்டினேன்.
ஒன்றில் ஆரஞ்சு. ஒன்றில் சாம்பல்.
ஒன்றில் பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை.

ஆக, வார்ப்புக்கால்தான் மூத்தது.
வயிரவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
எழுதப் பேனாவைத் திறந்தேன்.

சிகப்பி வந்தது அப்போதுதான்.
நான்காம் பிரதிவாதி.
ஒரு வாய்தாவுக்கும் வராதவர்.
காரைக்குடியில் மோட்டார் காயில் சுற்றும் கடை,
விரல் நுனியெல்லாம் வார்னிஷ்.
ஒவ்வொன்றின் மிதிகட்டையிலும்
செருப்புக்காலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

‘இதோட கைப்பிடி அதோடது.
அதோட தாடை இதோடது.
எண்பத்தேழுல பம்புசெட்டை இதுல கவ்வவிட்டு
மரை தேஞ்சுபோச்சு. அதுலேர்ந்து கழட்டி மாட்டுனேன்.
அப்பச்சிக்குத் தெரியாது. இவுகளுக்கும்.’
கொஞ்சம் நின்று,
‘காலை மட்டும் மாத்தல...
மாத்துனேனா?’

‘உங்களுக்கு இதில் பங்கு?’
‘நான் புதுசு வாங்கிட்டேன்’ என்றார்.
காப்பி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

‘அடையாளம்’ என்ற பத்தியில்
வார்ப்புக்கால் என்று எழுதி அடித்தேன்.
முதல் பதிப்பு என்று எழுதினேன்.
இதென்ன புத்தகமா? அதையும் அடித்தேன்.
துண்டை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை.

எழுத எனக்கொரு மேசை வேண்டியிருந்தது.
பெட்டகத்துக்குச் சீல் வைத்தாகிவிட்டது, தொடக்கூடாது.
மற்ற இரண்டில் கைக்கு எட்டியதை இழுத்து
வாயை இறுக மூடி
காகிதம் பரப்பி எழுதினேன்.
மூன்றாம் பக்கத்தில், ‘மேற்படி’ என்ற சொல்லை அடுத்து,
பேனா முனை காகிதத்தைக் குத்திக்கொண்டு
கீழே போய்விட்டது.
எதையோ துளைக்கப்போய்
யாரோ பலகையையும் சேர்த்துத் துளைத்த இடம்.

தேவகோட்டையில், வாய்தா அன்று,
நீதிபதி அந்தப் பக்கத்தை
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
மிளகளவு வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது.
‘இது என்னம்மா ஓட்டை?’

உருப்படி நாற்பத்தொன்று, ஐயா, என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.
நானும் அன்று குறித்துக்கொள்ளவில்லை.