மூன்றாவது

டொலிடோவில் ஜனவரி. காலை ஆறே முக்கால்.
கண்ணாடி ஆலையில் மூன்றாவது ஷிஃப்ட் முடிந்து
கையுறையைக் கழற்றாமலே வண்டியை எடுத்தேன்.
ஒன்று விழுந்தது.
இரண்டு விழுந்தது.
மூன்றாவது
பல்லைக் கடித்தது.

பல் உள்ள சக்கரம் கடிக்கத்தான் செய்யும் என்று
விட்டுவிட்டேன் ஒரு வாரம்.
அப்புறம் மௌமி ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில்
போட்ட கியர் தானே கழன்று நடுவில் வந்து நின்றது.
இன்ஜின் அலறியது, வண்டி யோசித்தது,
பின்னால் வந்த உப்பு லாரி
ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்தது.

"குட்டைக் கம்பியாகப் போடு, லோரீன்" என்றான் டுவேன் க்ராமர்ட்.
நான்காம் உலையில் என் எதிரே நிற்பவன்.
"மணிக்கட்டைச் சுண்டினால் போதும்."
அவன் நாத்தனார் ரோவீனா உடனே மறுத்தாள்:
"போட்டுப் பார்த்தவள் நான்.
கியர்பாக்ஸே மடியில் உட்கார்ந்து
ஊர்க்கதை பேசுகிற சத்தம்."
மூன்று வாரம் இருவருமாக
என் சாப்பாட்டு இடைவேளையைத் தின்றார்கள்.

நானும் அலசினேன்.
முழுக்க இரும்பில் ஒன்று: துல்லியம், நடுக்கம்.
ரப்பருக்குள் பொதிந்த ஒன்று: அமைதி, கொஞ்சம் சோம்பல்.
கம்பி எவ்வளவு குட்டையோ
அவ்வளவு பலம் கேட்கும்.
நெம்புகோலின் கணக்கில் யாருக்கும் தள்ளுபடி இல்லை.
என் வலது மணிக்கட்டோ
பதினோரு வருடம் முன்கண்ணாடிகளைத் தூக்கி
வானிலை அறிக்கையை முந்திக்கொண்டு
மழை சொல்லப் பழகியது.
ஆகவே நடுத்தரம்.
கால்வாசி குட்டை, கழுத்து என் பக்கமாகச் சாய்ந்தது.
முந்நூற்று நாற்பது டாலர்.
பெட்டி வந்தது. தூக்கிப் பார்த்தால்
சின்ன நாய்க்குட்டியின் கனம்.

ஞாயிறு. கராஜ் ஹீட்டர்
ஒரு தொடையை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது.
பெட்டியைப் பிரிக்கக் கத்தியை எடுத்தேன், வைத்தேன்.
உடைந்தது எதுவென்று தெரியாமல் எதை மாற்றுவது?

பெடலுக்கடியில் விரிப்பு மடிந்திருக்கிறதா? இல்லை.
கிளட்ச் எண்ணெய்? காப்பிக் கறுப்பு. மாற்றினேன்.
கடித்தது.
கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர்?
நெம்பினேன், அசையவில்லை.
எண்ணெயில் இரும்புத் தூள்?
காந்தத்தில் மீசை அளவு. அந்த வயதுக்குச் சரிதான்.

கடைசியில் தோலுறையைக் கழற்றினேன்.
ஒரு செம்புக் காசு, ஒரு கொண்டை ஊசி,
அதற்குக் கீழே
கம்பெனி போடாத ஒரு கம்பி.

எனக்கு முன்பே ஒருவர்
இதே ஆசையில் விழுந்திருக்கிறார்.
நான் வாங்க நினைத்ததை
வாங்கிய நாளிலிருந்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதன் இரு புறமும் இரண்டு போல்ட்டுகள்.
இதற்கு மேல் தள்ளாதே என்று
கையின் கோபத்தைத் தடுக்க வைத்த காவல்.
முன்னாலிருந்ததை யாரோ
பயத்திலோ அவசரத்திலோ
அளவுக்கு மேல் முறுக்கியிருந்தார்கள்.
கம்பி போய்ச் சேருவதற்கு முன்பே
போதும் என்றது அது.
ஒன்றும் ஐந்தும் பொறுத்துப் போயின.
தேய்ந்த மூன்றுதான் வாய்விட்டுக் கத்தியது.

மூன்றில் போட்டு, பூட்டு நட்டைத் தளர்த்தி,
போல்ட்டைப் பின்வாங்கி,
கம்பியை அழுத்தி, மறுபடி
ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விட்டு
இறுக்கினேன்.
பத்து நிமிடம். செலவு: ஒரு கார்டு,
அதுவும் டுவேனின் பல் டாக்டருடையது.

திங்கள் இரவு பாலத்தின் ஏற்றத்தில்
மூன்று விழுந்தது,
நன்றாகக் காய்ச்சிய கண்ணாடி அச்சில் இறங்குவதைப் போல.
விட்டுப் பார்த்தேன் கையை.
கழலவில்லை.

திருப்பி அனுப்பப் பதினைந்து நாள் இருக்கிறது.
பிரிக்காத பெட்டி பக்கத்து இருக்கையில்.
ஆள் என்று நினைத்துக் கார்
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று மணியடிக்கிறது.
போட்டுவிட்டேன்.