எண் 118

மூன்றாவது நாளாக நோட்புர்கா
குளிரறையில் நின்று லேபிள் உரிக்கிறாள்.
வெளியே இன்ஸ்ப்ருக்கில் ஏப்ரல் வெயில்; இங்கே நான்கு டிகிரி.
வெள்ளைக் கோட்டுக்குள்
கணவன் விட்டுப்போன கம்பளிச் சட்டை,
கை நீளம், இரண்டு மடிப்பு.

மோர்ட்டியரெல்லா என்று
நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே பெயரில் குடியிருந்தவை.
மரபணு எழுத்துகளைக் கூட்டி வாசித்தபின்
குடும்பம் ஒன்றுதான், பேரினம் பல என்றாயிற்று.
கூரை ஒன்று. உலை வேறு வேறு.

தட்டைத் திறந்தால் பூண்டு வாசம்.
முதலாண்டு மாணவர்கள்
யாரோ சோற்றுப்பெட்டியை மறந்துவிட்டதாகத் தேடுவார்கள்.
ஏறி, தயங்கி, மறுபடி ஏறிய
அலையின் தடங்கள் போல வெள்ளை இழை.

118.
ஓபர்குர்கல், பனியாறு பின்வாங்கிய வெற்று மண்.
சேகரித்தவர் ஷைபர், அக்டோபர் 1974.
ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

அந்த மண்ணுக்குப் புல் வருமுன்னே இது வந்துவிட்டது.
பள்ளத்தாக்கிலிருந்து காற்று அள்ளிவந்து
பனிமேல் கொட்டிய ஈ, வண்டு, சிறகெறும்பு:
அவற்றின் ஓடுகளைக் கரைத்துத் தின்றது.
குளிருக்கென்று உடம்பில் எண்ணெய் சேர்த்தது.
இழைக்குள் ஒரு பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்தது;
யார் யாருக்கு வாடகை தருகிறார்கள் என்ற வழக்கு
இன்னும் தீரவில்லை.
பனிக்கடியில் எட்டு மாதம்.
பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை,
அதனால் எதுவும் நின்றுபோகவுமில்லை.

நீதிமன்றத் தாள் போன வியாழன் வந்தது.
ப்ரான்ட்டாவர் போய் மறுபடி பிர்பாமர்.
தபால்பெட்டி, நூலக அட்டை, பல் மருத்துவரின் கோப்பு.
"அதே ஆள்தானே?" என்றான் வங்கிப் பையன்.
அட்டையை நீட்டினாள். அவன் அட்டையைத்தான் பார்த்தான்.

மதியம் 118-இன் வரிசை திரைக்கு வந்தது.
புதிய பேரினங்கள் எதிலும் ஒட்டவில்லை.
பழையதிலும் இல்லை.
கிளைப்படத்தின் ஒதுக்கில் நீண்ட ஒற்றைக் கோடு,
நுனியில் எண்.

அச்சுப்பொறி பெயருக்காக விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது.
ஊரை அடித்தாள், தேதியை, ஷைபரை.
பெயருக்குரிய கட்டத்தில் குடும்பத்தை மட்டும் எழுதி
அவர் பென்சிலால் போட்டதைப்
பேனாவால் போட்டாள்.

வீடு திரும்பும் டிராமில்
எதிரே இருந்த சிறுமி மூக்கைச் சுளித்தாள்.
மடித்த கையை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள் நோட்புர்கா.
பூண்டு.
நூலுக்குள் எவ்வளவு தேடியும்
பூண்டு மட்டும்.