உளுந்தஞ்சோறு

கடையடைக்குமுன் இன்னும் இரண்டு கட்டு பாக்கி.
மடியிலிருந்து சொளவை இறக்காமலே
அம்மா கேட்பாள்:
"ஏட்டி பூலம்மா, உளுந்து வெந்துட்டான்னு பாரு."

தொலி உளுந்து, புழுங்கலரிசி,
முழுசாய்ப் போட்ட பூண்டு, ஒரு கை தேங்காய்ப்பூ.
அக்கா கரண்டிக் காம்பால் கிண்டுவாள்.
அதற்கொரு ஏச்சு.

முக்கூடல் முழுக்கப் புகையிலைத் தூள்.
தும்மிக்கொண்டே பீடிக்கு நூல் சுற்றுவோம்.
அதிகம் சுற்றியவளுக்குத்தான்
பானையடிக் காந்தல்.
நான் எண்ணிக்கையில் களவு செய்வேன்,
அக்காவுக்குத் தெரியும்.

எள்ளுத் துவையலைக் குழியில் வைத்து
அம்மா உருட்டித் தரும் ஒவ்வொரு கவளத்திலும்
லேசாய் ஒரு கசப்பு.
அவள் விரலின் புகையிலை என்றே
இத்தனை வருசம் நினைத்திருந்தேன்.

நேற்று ஓசூரில்
குக்கரில் நாலு விசில்.
எல்லாம் சரியாக வந்திருந்தது,
அது மட்டும் இல்லை.
போனில் சொன்னேன்.

அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, குரல் ஏறி:
"சோப்புப் போட்டு மூணு தடவ
கழுவிட்டுத்தாம்ட்டி சோத்துல கை வப்பேன்.
பிள்ளையளுக்குப் போயி அதக் குடுப்பனா?
அது வெந்தயம்."

ஆமாம்மா, வெந்தயம்தான் என்றேன்.
நானும் போட்டிருந்தேன்,
ஒரு ஸ்பூன், கூடவே.