இரண்டு நிமிடம்

காலை ஏழேகாலுக்கு நான் வரும்போது
ஒன்பது கண்ணாடிப் பெட்டிகளிலும் விளக்கு எரியும்.
குதிகால் குத்துவது என் உத்தியோகம்.
ஒரு துளி மஞ்சள் காமாலைக்கு,
ஒரு துளி சீனி பார்க்க,
இன்னும் ஒன்று, நேற்றையது உறைந்து போனதால்.

நான்காம் பெட்டியில் ஸஹ்லாவின் மகன்.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
ஆயிரத்து நாற்பது கிராம்,
இரண்டு இறாத்தல் பாணைவிடக் கொஞ்சம் கூட.
என் பெருவிரல் நகத்தளவு குதிகால்,
அதில் பதினேழு புள்ளிகள்.
எண்ணியது நானல்ல, தாய்.
"ரத்த மிஸ், இடது கால்ல இனி இடமில்ல" என்றாள்,
குற்றம் சொல்லும் குரலில் அல்ல,
பஸ்ஸில் சீட் இல்லை என்பதுபோல.

வாயில் குழாய் இருக்கும் பிள்ளைக்கு
அழுகை உண்டு, சத்தம் வராது.
நெற்றி சுருங்கும், இமை இறுகும்,
மூக்கோரம் ஒரு மடிப்பு விழும்,
விரல்கள் ஐந்தும் விசிறியாய் விரியும்.
பிறகு திரையில் எண்கள் இறங்கும்.
நான் வெகுகாலம் எண்களை மட்டுமே பார்த்தேன்.
சத்தமில்லை, ஆகவே வலியில்லை
என்று எழுதி வைத்திருந்தேன்,
படிவத்தில் அல்ல, எனக்குள்.

இப்போது முறை வேறு.
நெலுகா மிஸ் ஒரு உள்ளங்கையால் தலையை மூடுவாள்.
மற்றதால் முழங்கால்களை வயிற்றோடு மடிப்பாள்,
பிறக்குமுன் அவன் கிடந்த மாதிரி.
நாக்கு நுனியில் இரண்டு சொட்டு சீனித் தண்ணீர்,
தாய்ப்பால் இருந்தால் தாய்ப்பால்.
பிறகு இரண்டு நிமிடம்
நான் சும்மா நிற்க வேண்டும்.

இரண்டு நிமிடம் சின்ன விஷயமில்லை.
பொரளைச் சந்தியில் சிவப்பு அவ்வளவு நேரம் எரிந்தால்
ஆட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தே ஊரைக் கூட்டிவிடுவார்கள்.

போன செவ்வாய் மழை.
பேலியகொடையில் ரோட்டு மேலே தண்ணீர்.
ஸஹ்லாவுக்குத் துண்டு வெட்டி ஆறு நாள்;
மாபோலையிலிருந்து தினமும் பால் வருகிறது
ஐஸ் நிரப்பிய சாப்பாட்டுப் பெட்டியில்.
ஒன்பதரைக்கு ஆய்வுகூடம் கதவை மூடும்.
ஒன்பது இருபது.
சீனித் தண்ணீர் தீர்ந்து,
புதியது ஸ்டோரில் யாருடையதோ கையெழுத்துக்குக் காத்திருந்தது.
ஊசி என் கையில், மூடி கழற்றாமல்.
குத்தலாம். இதற்கு முன் குத்தியிருக்கிறேன்.
நெலுகா மிஸ் என்னைப் பார்க்கவில்லை.
வேண்டுமென்றே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபத்தாறுக்கு வந்தாள்,
அபாயா முழங்கால் வரை நனைந்து.
"கை சரியான குளிர் மிஸ், தொடலாமா?"
கழுவினாள், தேய்த்தாள்,
கக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு நின்றாள்,
நாங்கள் மூவரும் ஒரு கைக்காகக் காத்திருந்தோம்.
மூன்று சொட்டு.
அவன் நாக்கு அசைந்தது,
தெரிந்த ஒருவரின் பெயரை யோசிப்பதுபோல.

நூற்றிருபது வரை மனதுக்குள் எண்ணினேன்.
குத்தினேன்.
பொய் சொல்லமாட்டேன், நெற்றி சுருங்கியது.
சுருங்கி, பாதியில் விட்டுவிட்டது.
விரல்கள் விரியவில்லை,
அவை உம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தன.
"பதினெட்டு" என்றாள் ஸஹ்லா.

ஆய்வுகூடம் மூடியிருந்தது.
கதவைத் தட்டினேன். காமினி திறந்து,
சிங்களத்தில் நன்றாக ஏசிவிட்டு
குழாயை வாங்கிக்கொண்டான்.

எனக்கும் சீனி வருத்தம், ஏழு வருடமாக.
ஜம்பட்டா வீதி அறையில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்
டீவியைப் பார்த்தபடியே
என் விரலை நானே குத்திக்கொள்வேன்.
அன்றைக்கு ஏனோ டீவியை நிறுத்தினேன்.
விரலை மற்றக் கைக்குள் பொத்தி வைத்து
இரண்டு நிமிடம் சும்மா இருந்தேன்.
நாக்கில் வைக்க எனக்கு ஒன்றும் அனுமதியில்லை.
கீழே ஒரு ஆட்டோ ஸ்டார்ட் ஆக மறுத்துக்கொண்டிருந்தது.

பிறகு குத்தினேன்.
நூற்று எண்பத்திரண்டு.
கூடத்தான்.